இடது காலுக்கு மாற்றிய பெடல்

விபத்து நடந்து ஐந்து மாதம் கழித்துத்தான் மறுபடியும் பியானோ முன்னால் உட்கார்ந்தேன். முன்பே உட்கார்ந்திருக்கலாம். கைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. வலது முழங்காலுக்குக் கீழே, வெளிப்பக்கத்து எலும்பு உடைந்து, அதைச் சுற்றி ஓடுகிற நரம்பு நசுங்கிவிட்டிருந்தது. எலும்பு கூடிவிட்டது, நரம்பு கூடவில்லை. பாதத்தைத் தரையில் அழுத்த முடியும்; முன்பாதத்தை மேலே தூக்க முடியாது. நடந்தால் பாதம் தொங்கி, விரல்கள் தரையில் இடறும். அதற்காகச் செருப்புக்குள் வைத்து முழங்கால்வரை இழுத்துக் கட்டிக்கொள்கிற ஒரு பிளாஸ்டிக் பட்டை கொடுத்திருந்தார்கள்.

உட்காராமல் இருந்ததற்குக் காரணம் பயம்தான். உட்கார்ந்தால் தெரிந்துவிடும் என்ற பயம்.

நான் பியானோ சொல்லிக்கொடுக்கிறவள். அபிராமபுரத்தில் எங்கள் வீட்டு ஹாலிலேயே இருபது வருடமாக வகுப்பு நடக்கிறது. எங்கள் குடும்பத்துக்கும் இந்த வாத்தியத்துக்கும் எந்த உறவும் கிடையாது. அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து தி.நகரில் பாத்திரக்கடை வைத்தவர். கான்வென்டில் படிக்கும்போது ஒரு சிஸ்டர் என் விரல்களைப் பார்த்து அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார். அப்பா ஒரு பழைய பியானோவை வாங்கி, நான்கு ஆள் வைத்து மாடிக்கு ஏற்றினார். "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இவ்வளவு பெரிய பெட்டி?" என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். "வச்சிருக்கட்டும், எடுத்துட்டா போகப்போறா?" என்றார் அப்பா. கல்யாணமாகி வந்தபோது எடுத்துக்கொண்டுதான் வந்தேன்.

பெடலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பியானோவின் கம்பிகள் ஒவ்வொன்றின் மேலும் ஒரு சின்னக் கம்பளித் துண்டு ஒட்டிக்கிடக்கும். விரலைக் கட்டையிலிருந்து எடுத்ததும் அது கம்பியில் படிந்து சத்தத்தை நிறுத்திவிடும். வலது பெடலை மிதித்தால் எல்லாத் துண்டுகளும் ஒன்றாக விலகிக்கொள்ளும். விரலை எடுத்தாலும் சத்தம் நிற்காது, கார்வைபோல நீளும். மிதிப்பது குழந்தைக்குக்கூட வரும். கஷ்டம் எடுப்பதில்தான். அடுத்த சுரக்கூட்டை, அதாவது ஒன்றாகச் சேர்த்து அழுத்துகிற சில சுரங்களை, வாசிக்கும் அதே நொடியில் பாதத்தைத் தூக்கி, பழைய சத்தத்தைக் கழுவிவிட்டு, புதியது ஒலிக்கத் தொடங்கிய பிறகு மறுபடியும் மிதிக்க வேண்டும். கை கீழே போகும்போது கால் மேலே வர வேண்டும். பதினான்கு வயதில் இதைக் கற்றுக்கொள்ள இரண்டு மாதம் அழுதிருக்கிறேன். பிறகு ஒருநாள் வந்துவிட்டது. வந்த பிறகு முப்பது வருடம் அதை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

அன்று பட்டையைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு, விபத்துக்கு முன் நான் தயார் செய்துகொண்டிருந்த ஒரு மெதுவான நாக்டர்னை, இரவின் அமைதிக்கென்று எழுதிய பியானோ இசையை, எடுத்தேன். முதல் சுரக்கூட்டு நன்றாக இருந்தது. இரண்டாவதற்குக் கால் எழவில்லை. பாதத்தின் கனம் பெடலின் மேலேயே கிடந்தது. முதலாவதும் இரண்டாவதும் கலந்தன, மூன்றாவதும் அதில் விழுந்தது. தொடையிலிருந்து மொத்தக் காலையும் தூக்கிப் பார்த்தேன். கால் வந்தது, ஆனால் திரும்ப இறங்கும்போது பெடல் தடாலென்று மரத்தில் இடித்தது. நான்கு வரிசை வாசித்துவிட்டு மூடியைச் சாத்தினேன்.

பயந்த அளவுக்குத்தான் இருந்தது, அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை.

விபத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு சனிக்கிழமை காலை, என் கணவர் ஸ்கூட்டர் ஓட்ட நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்துச் சாலையை உள்தெரு வழியாகத் திருப்பிவிட்டிருந்தார்கள். ஒரு வீட்டு வாசலிலிருந்து தண்ணீர் லாரி பின்பக்கமாக வந்தது. அவர் பிரேக் பிடித்தார். வண்டி சறுக்கி, என் கால்மேல் விழுந்தது. அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவ்வளவுதான்.

அவர் தி.நகரில் லைனிங் துணி, பட்டன், ஜிப் விற்கும் கடை வைத்திருக்கிறார். அதிகம் பேச மாட்டார். பாட்டுக் கேட்கிற பழக்கம் அறவே இல்லை. வகுப்பு நடக்கும்போது வந்தால் சமையலறை வழியாக உள்ளே போய்விடுவார். ஆஸ்பத்திரியில் இருந்த பதினொரு நாளும் என்கூடவே இருந்தார். ஒரு தடவைகூட விபத்தைப் பற்றிப் பேசவில்லை. நானும் பேசவில்லை. பேசாமல் இருப்பதுதான் மரியாதை என்று நினைத்தேன்.

நான் மூடியைச் சாத்தியதை அவர் எங்கிருந்தோ பார்த்திருக்க வேண்டும். மறுநாள் மதியம் சாப்பிட வந்தவர், கை கழுவிவிட்டு பியானோ பக்கம் போய் நின்றார்.

"அந்தப் பெடல நான் கையால அமுக்கட்டுமா?"

"எப்படி?"

"கீழ உட்கார்ந்துக்கிறேன். நீ எப்ப எடுக்கணும், எப்ப அமுக்கணும்னு சொல்லு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. பூஜை அறையிலிருந்து ஒரு மணையைக் கொண்டுவந்து போட்டு, ஐம்பத்திரண்டு வயதில் சம்மணம் போட்டு, என் முழங்காலுக்கு அருகே உட்கார்ந்து, பெடலின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

முதல் வாரம் சொல்லிச் சொல்லி வாசித்தேன். "எடுங்க... அமுக்குங்க... எடுங்க." என் வாய் சொல்லி அவர் காது கேட்டு அவர் கை அசைவதற்குள் சுரம் கடந்துபோயிருக்கும். இரண்டாவது வாரம், அவர் என் இடது கையின் சுண்டுவிரலைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அது பெரும்பாலும் சரியாக வந்தது, ஏனென்றால் சுரக்கூட்டு மாறும் இடத்தில் சுண்டுவிரல்தான் முதலில் கீழே போகும். யாரும் சொல்லித்தராமல் இதை அவராகவே கண்டுபிடித்தார். கடையில் மேஜையின் மேல் கையை வைத்து எடுத்து எடுத்துப் பழகுவாராம். "அண்ணாச்சி என்னமோ ஸ்டாம்ப் குத்துறாரு, பேப்பரத்தான் காணோம்" என்று கடைப் பெண்கள் சிரித்ததாக அவரே வந்து சொன்னார். மதியம் ஒரு மணி நேரம் என்று இருந்த சாப்பாட்டு நேரம் ஒன்றரை மணி ஆயிற்று.

ஏறத்தாழ இரண்டரை மாதம் இப்படி நடந்தது. அந்த நாட்களை நினைத்தால் இப்போது வலிக்கிறது. அன்று எனக்கு அவர்மேல் எரிச்சல்தான் அதிகமாக இருந்தது. அவர் உழைப்பது தெரிந்தது. ஆனால் காதில் விழுந்தது அவர் உழைப்பு இல்லை, அவர் பிழை. பெடல் ஒரு இமைப்பொழுது பிந்தினாலும் கேட்கிறவளுக்குப் பல்லில் மணல் கடிபட்டதுபோல் இருக்கும். என் கால் ஒருபோதும் பிந்தியதில்லை. நான் யோசிப்பதற்கு முன்பே அது போய் நின்றிருக்கும். இப்போது என் காலின் வேலையை இன்னொருவர் கை செய்கிறது; அந்தக் கைக்கு நான் அடுத்து என்ன நினைக்கப்போகிறேன் என்று தெரியாது.

ஒரு நாள் எட்டாவது வரிசையில் ஒரு இடம். மேலே ஒற்றைச் சுரம் தனியாகப் போகும், கீழே சுரக்கூட்டு மாறும். அந்த இடத்தில் அவர் நான்காவது தடவையாகப் பிந்தினார்.

"மறுபடியும் லேட்டு" என்றேன்.

"இன்னொரு தடவ வாசி."

வாசித்தேன். மறுபடியும் பிந்தினார்.

"எத்தனை தடவதாங்க சொல்றது? எப்பவுமே லேட்டு. அன்னைக்கும் லேட்டு."

சொல்லி முடித்தபோது என் கைகள் கட்டைமேல்தான் இருந்தன. அவர் உள்ளங்கை பெடலை அமுக்கியபடி இருந்ததால் கடைசியாக வாசித்த சுரக்கூட்டு இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தது. நான் விரல்களை எடுத்தேன். அப்போதும் ஒலித்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. மெதுவாகக் கையை எடுத்தார். சத்தம் நின்றது.

பியானோவின் விளிம்பைப் பிடித்து எழுந்தார். முழங்கால் மரத்துப்போயிருக்க வேண்டும், கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். மணையை எடுத்துக்கொண்டுபோய் பூஜை அறையில் அது இருந்த இடத்தில் வைத்தார். சமையலறையில் தண்ணீர் குடித்தார். "வர்றேன்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனார். எப்போதும் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

அதன் பிறகு அவர் பெடல் பக்கம் வரவில்லை. கோபம் காட்டவில்லை, பேச்சைக் குறைக்கவில்லை. பிசியோதெரபிக்கு அடையாறு கூட்டிப்போவது, பட்டை கட்டிவிடுவது, மாடிப்படியில் முன்னால் இறங்குவது எல்லாம் நடந்தது. சாப்பாட்டு நேரம் மட்டும் பழையபடி ஒரு மணி ஆயிற்று. நானும் வந்து உட்காருங்கள் என்று கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்க வாயெடுக்கும்போதெல்லாம், நான் சொன்னது பொய்யா என்ற கேள்வி குறுக்கே வந்து நிற்கும். அதற்குப் பதில் எனக்கே தெரியவில்லை.

மழைக்காலம் முடிந்ததும் பியானோவுக்குச் சுருதி சேர்க்கிற ட்யூனர் வந்தார். ராயபுரத்திலிருந்து பல வருடமாக வருகிறவர். கதவைத் திறந்ததுமே என் காலைப் பார்த்துவிட்டார்.

"இன்னா மேடம், காலுக்கு இன்னா ஆச்சு?"

சொன்னேன். பியானோவின் முன்பலகையைக் கழற்றிவைத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். "பொட்டிக்கு ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் கீது. பெடல் ஸ்பிரிங்கும் டைட்டா கீது."

"இடது காலுக்கு மாத்த முடியுமா?"

அவர் மண்டியிட்டு உள்ளே கையை விட்டுத் தடவினார். "முடியும் மேடம். லெப்ட்ல கீற பெடலு சும்மா சத்தத்தக் கொறைக்கத்தான. அத்தக் கழட்டிட்டு இந்த ராடுல மாட்டி வுட்டுர்லாம். ரெண்டு பெடலும் ஒரே வேலை செய்யும். பசங்க ரைட்ல மிதிப்பாங்கோ, நீங்க லெப்ட்ல மிதிங்கோ." கையைத் துடைத்துக்கொண்டே, "பழகுறதுதான் மேடம் கஷ்டம்" என்றார்.

மாட்டிக்கொடுத்தார். அன்றிலிருந்து நான் மறுபடியும் மாணவி.

இடது கால் நல்ல கால். எழும், இறங்கும், சொன்னதைக் கேட்கும். ஆறு வாரம் போதும் என்று நினைத்தேன். ஆனால் அந்தக் காலுக்கு ஏற்கெனவே ஒரு வேலை இருந்திருக்கிறது, எனக்கே தெரியாமல். இத்தனை வருடமும் நான் வாசிக்கும்போது அது கீழே தாளம் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறது. கை கீழே போகும்போது அதுவும் கீழே போகும். அது எழ வேண்டிய நொடியில் இறங்கும், இறங்க வேண்டிய நொடியில் எழும். பழையதும் புதியதும் கலந்து, கேட்க அடிபிடித்த கூழ்போல இருந்தது. என்னிடம் புதிதாக வரும் பிள்ளைகள் செய்கிற அதே பிழை.

பிள்ளைகளுக்குக் கொடுக்கிற பயிற்சியையே எனக்கும் கொடுத்துக்கொண்டேன். ஒரே ஒரு சுரம். வாசி, ஒன்று எண்ணு, பிறகு மிதி. அடுத்த சுரம் வாசி, எடு. காலையில் குக்கர் இறக்கியதும் அரை மணி, மதியம் முக்கால் மணி. மெதுவாக எண்ணிச் செய்தால் வரும். எண்ணுவதை விட்டால் போய்விடும். காலை நினைத்தால் கை தடுமாறும், கையை நினைத்தால் கால் தாளத்துக்கு ஓடிவிடும். எதையும் நினைக்காமல் வாசிப்பது எப்படி என்பது எனக்கு நினைவில் இருந்தது. அதுதான் தொந்தரவு. புதிதாகக் கற்கிறவளுக்கு இழந்தது என்னவென்று தெரியாது.

ஆறு வாரம் ஆறு மாதம் ஆயிற்று.

அந்தச் சமயத்தில் என்னிடம் பெரியவர்களில் ஒருவர்தான் படித்துக்கொண்டிருந்தார். பெசன்ட் நகரில் கிளினிக் வைத்திருக்கும் ஒரு பல் டாக்டர், முப்பத்தைந்து வயதிருக்கும். நல்ல காது. அவருக்குப் பெடல் சொல்லித்தர வேண்டிய கட்டம் அது. நான் வாயால் சொல்லலாம். ஆனால் இது சொல்லிப் புரிவதில்லை, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு வாங்க வேண்டியது. ஒரு நாள், "இந்த இடத்த ஒரு தடவ வாசிச்சுக் காட்டுறீங்களா மிஸ்?" என்று கேட்டார். காட்டினேன். இடது காலால். இரண்டாவது வரிசையிலேயே கலங்கிவிட்டது. நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினேன். மறுபடியும் கலங்கியது.

அவர் தன் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "புரிஞ்சுது மிஸ்" என்றார்.

"என்ன புரிஞ்சுது?"

அவர் நிமிர்ந்தார். கண்ணில் நீர் நின்றது. எனக்கு அழுகை வரவில்லை, ஆனால் அவர் அழுவதைப் பார்க்க முடியவில்லை.

அடுத்த வாரம் அவரிடம் நானே பேசினேன். அடையாறில் எனக்குத் தெரிந்த ஒரு டீச்சர் இருக்கிறார், பெடல் நன்றாகப் போடுவார், அவரிடம் போங்கள் என்றேன்.

"நான் போகணும்னு கேக்கலையே மிஸ்."

"கேக்க மாட்டீங்க. அதனாலதான் நான் சொல்றேன்."

"உங்களுக்குச் சரியானதும் திரும்ப வந்துடறேன்."

"சரி" என்றேன். இருவருமே அதை நம்பவில்லை. அவர் படியிறங்கிப் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தெருமுனையில் நின்று யாருக்கோ போன் செய்தார். புது டீச்சருக்குத்தான் இருக்கும்; எண்ணை நான்தான் எழுதிக் கொடுத்திருந்தேன்.

விபத்து நடந்து ஒன்றரை வருடம் ஆனபோது நரம்புக்கு மறுபடியும் சோதனை செய்தார்கள். ஊசியைத் தசைக்குள் ஏற்றி, திரையில் ஓடும் கோட்டைப் பார்க்கிற சோதனை. பிசியோதெரபி செய்கிற பெண் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு, "மேடம், இதுக்கு மேல பெருசா எதிர்பாக்க வேணாம். இருக்கிறத வச்சு நடக்கறதுக்கு ஸ்ட்ராங் பண்ணிக்கலாம்" என்றார். நல்ல பெண். குரலைத் தாழ்த்திச் சொன்னார். என் கணவர் பக்கத்து நாற்காலியில் இருந்தார். "சரிம்மா" என்று அவர்தான் சொன்னார்.

வெளியே வந்ததும், "பீச்சுக்குப் போவமா?" என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை மாலை. ஆட்டோ பிடித்து பெசன்ட் நகர் போனோம். பட்டை கட்டிய காலோடு மணலில் நடக்க முடியாது, அதனால் ரோட்டோரக் குட்டைச் சுவரில் உட்கார்ந்தோம். நல்ல கூட்டம். பஜ்ஜிக் கடைகளின் புகை எங்கள் பக்கமே வந்துகொண்டிருந்தது. அவர் ஒரு சுண்டல் பொட்டலம் வாங்கி வந்து என் கையில் கொடுத்தார்.

"அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுங்க" என்றேன்.

எந்த அன்றைக்கு என்று அவர் கேட்கவில்லை. கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை, நீ தப்பாகச் சொல்கிறாய், லாரிக்காரன் பார்க்காமல் வந்தான், யாராக இருந்தாலும் அப்படித்தான் ஆகியிருக்கும் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அதைக் கேட்பதற்காகத்தான் ஒரு வருடம் கழித்து வாயைத் திறந்தேன் என்றுகூடத் தோன்றுகிறது.

"நீ சொன்னது சரிதான்" என்றார். "கடையில ஒரு பார்சல் விஷயம், அத யோசிச்சிட்டு வந்தேன். லாரி வந்தது கண்ணுக்குத் தெரிஞ்சுது. மனசுக்கு ஏறல. லேட்டாத்தான் புடிச்சேன்."

நான் பொட்டலத்தின் வாயை மடித்தேன்.

"ஆஸ்பத்திரியிலேயே சொல்லணும்னு நெனச்சேன்" என்றார். "நீ கேக்கல. நானும் சொல்லல."

தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு, "பெடல் அமுக்கும்போது ஒவ்வொரு தடவ பிந்தும்போதும் அதுதான் ஞாபகம் வரும். அதனால இன்னும் பிந்தும்" என்றார்.

அப்போது அவர் கையைப் பிடித்திருக்கலாம். சுண்டல் பொட்டலம்தான் என் கையில் இருந்தது. ஒரு குழந்தை பந்தைத் துரத்திக்கொண்டு வந்து எங்கள் காலடியில் விழுந்து, எழுந்து ஓடியது. இருட்டும் முன் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தோம். அவருக்குத் தோசை வார்த்தேன். மூன்று சாப்பிட்டார்.

அந்த ஞாயிறுக்குப் பிறகு எங்களுக்குள் எதுவும் சரியாகவும் இல்லை, மோசமாகவும் இல்லை. ஒரு உண்மை வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது, அதைச் சுற்றிக்கொண்டு நடக்கிறோம். நான் அவரை மன்னித்தேனா என்று அவர் கேட்டதில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்வேன். அந்த எட்டாவது வரிசை மனதுக்குள் ஓடும்போது மட்டும் ஆமாம் என்று சொல்ல வருவதில்லை.

இப்போது சின்னப் பிள்ளைகள் மட்டும்தான் என்னிடம் படிக்கிறார்கள். ஆறு வயது, ஏழு வயது. கால் தரையைத் தொடாது, நாற்காலியிலிருந்து தொங்கும். பெடலைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கால் எட்டுகிற வயது வந்ததும் அடையாறுக்கு அனுப்பிவிடுகிறேன். பெற்றவர்கள் காரணம் கேட்டால், "அங்க இன்னும் நல்லா சொல்லித்தருவாங்க" என்கிறேன். உண்மைதானே.

மதியப் பயிற்சியை நிறுத்திவிட்டேன். காலை அரை மணி மட்டும் இருக்கிறது, அதுவும் பழக்க தோஷம்தான். போன வாரம் ஒரு நாள் அந்த நாக்டர்னின் முதல் நான்கு வரிசையும் இடது காலில் சுத்தமாக வந்தன. ஒரு சுரக்கூட்டு மறைந்து இன்னொன்று வந்தது, நடுவில் ஒரு அழுக்கும் இல்லை. வாசித்து முடித்துக் காத்திருந்தேன். ஏதாவது தோன்றும் என்று நினைத்தேன். ஒன்றும் தோன்றவில்லை. காலுக்காக எண்ணிக்கொண்டே வாசித்ததால் ஒரு சுரத்தைக்கூட நான் கேட்டிருக்கவில்லை. மறுபடியும் வாசித்துப் பார்த்தேன், இந்த முறை கேட்டுக்கொண்டே. இரண்டாவது வரிசையில் கலங்கிவிட்டது.

வாசலில் பால் பாக்கெட் வந்து கிடந்தது. பட்டையைக் கட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்து, அதை எடுக்கப் போனேன்.